இராமையா விழுங்கிய ஒரு வாய்

இராமையா வாழ்நாளில் முதன்முதலாக ஒரு வாய் பியரை விழுங்கியதற்கு நான்தான் காரணம். இதை வேறு யாராவது எழுதுவதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன். வேறு யாரும் எழுதப்போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். கண்டியில் பெரிய மனிதர்களைப் பற்றி எழுதவே ஆட்கள் போதாது. ஹந்தானைத் தோட்டத்தில் தண்ணீர் ஓடக் கான் வெட்டிய ஒருவரைப் பற்றி எவன் எழுதப்போகிறான்?

என் பெயர் விவேகானந்தன். ஊர் சண்டிலிப்பாய். எண்பதாம் ஆண்டு தொடக்கம் குண்டசாலையில் ஒரு சின்னப் பியர் கொம்பனியில் கிளாக்கராக இருந்தேன். சின்னது என்றால் உண்மையாகவே சின்னது. மகாவலிக் கரையில் முன்பு புகையிலை உலர்த்திய பழைய கட்டடம் ஒன்றை முதலாளி வாங்கி, உள்ளே நான்கு பெரிய பாத்திரங்களை வைத்து, தான் ஜேர்மனியில் படித்துவந்த முறையில் பியர் காய்ச்சினார். கண்டியில் உள்ள ஐந்தாறு ஹோட்டல்களுக்குப் போகும், அவ்வளவுதான். மழை பெய்தால் சுவர்களில் இன்னும் புகையிலை மணக்கும். காய்ச்சும் பொறுப்பு பாலேந்திரனுடையது. அவரும் எங்கள் பக்கத்து ஆள், இரசாயனம் படித்தவர். பேச்சில் சிக்கனம், கோபத்தில் தாராளம்.

எண்பத்துமூன்று ஆடியில் கண்டியில் தமிழர் கடைகள் எரிந்த அன்று, நான் என் வாடகை அறையின் பின்கதவால் குதித்து ஹந்தானை மலைப்பக்கம் ஓடினேன். ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்தது. தேயிலைக்குள் நின்ற ஒரு மனிதர் என்னைப் பார்த்தார். பெயரையும் கேட்கவில்லை, ஊரையும் கேட்கவில்லை. "உள்ள வாங்க சார், மொதல்ல உள்ள வாங்க" என்று சொல்லித் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் தன் காம்பரா அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். அவர்தான் இராமையா.

ஐந்து நாள் அங்கே இருந்தேன். அதற்கு முன் மலையில் வாழ்கிறவர்களை எங்கள் ஆட்கள் எந்த இளக்காரச் சொல்லால் சொல்வார்களோ அதே சொல்லால்தான் நானும் சொல்லிவந்தேன். அவர்கள் வீட்டில் ஒரு மிடறு தண்ணீர் குடித்ததில்லை. அந்த ஐந்து நாளும் அவர் மனைவி வேலாயி சுட்ட ரொட்டியைத்தான் தின்றேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்களே, அந்தப் பத்தில் வெட்கமும் ஒன்று. இராமையாவை முதல் நாள் "நீ" என்றேன். மூன்றாம் நாள் "நீர்" என்றேன். மலையிலிருந்து இறங்கும்போது "நீங்கள்" என்று தானாகவே வந்தது. பிறகு அது மாறவில்லை.

அந்த ஐந்து நாளில் ஒரு நாள் லயத்தின் கூரைத் தகரத்தில் கல் விழுந்தது. வேலாயி மூன்று வயது மகளைத் தூக்கிக்கொண்டு தேயிலைச் செடிகளுக்கு அடியில் காலையிலிருந்து பொழுது சாயும்வரை படுத்திருந்தாள். பிள்ளை அழாமல் இருக்க வாயைப் பொத்தியபடியே இருந்தாளாம். திரும்பி வந்தபோது அந்தக் கை விறைத்துப்போய் இருந்தது. எனக்குச் செய்யத் தோன்றியது ஒன்றுமில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுதேன்.

இராமையாவின் நாக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்பார்கள். பதினான்கு வருடம் அவர் அந்த ஸ்டோரில் தேநீர் ருசி பார்க்கும் அறையில் வேலை செய்தார். தண்ணீர் கொதிக்க வைப்பதும் கோப்பைகளை வரிசையாக அடுக்குவதும், துப்பும் பாத்திரத்தைக் கழுவுவதும்தான் வேலை. ஒருநாள் ருசி பார்க்கும் டீமேக்கருக்குத் தடிமன். மூக்கடைத்து நின்ற மனிதர் எரிச்சலில், "நீயாவது சொல்லு பாப்போம்" என்று கரண்டியை நீட்டினார். இராமையா உறிஞ்சினார், துப்பினார், "மூணாவது கோப்பை சூடு கூடிப்போன இலைங்க" என்றார். போய்ப் பார்த்தால் அடுப்பில் கோளாறு. அன்று முதல் டீமேக்கருக்குத் தடிமன் அடிக்கடி வரத் தொடங்கியது. பெயர் அவருக்கு, நாக்கு இவருக்கு.

கலவரத்துக்குப் பிறகு அந்த ஸ்டோரை மூடிவிட்டார்கள். கொழுந்து வேறு தோட்டத்துக்கு லொறியில் போனது. இராமையா மண்வெட்டியோடு கான் வெட்டப் போனார். அந்த நாக்கு சும்மா கிடந்தது.

இதைவிடப் பெரிய சிக்கல் வேலாயியின் பாஸ்போட். வேலாயி குமரியாக இருந்தபோது அவள் அப்பன் இந்தியாவுக்கென்று எழுதிப்போட்ட பிரஜாவுரிமை மனுவில் அவள் பெயரும் இருந்தது. இராமையாவின் அப்பன் இலங்கைக்கு எழுதிப்போட்டார். கலியாணம் முடிந்து பிள்ளையும் பிறந்தபின் கடுதாசிகள் வந்தன. அவள் இந்தியப் பிரஜை, இவர் இலங்கைப் பிரஜை. ஒரே பாயில் இரண்டு நாடு. இப்படி எத்தனை குடும்பம் என்று யாரும் எண்ணவில்லை. எண்ண வேண்டியவர்கள் வேறு வேலையாக இருந்தார்கள். இவ்வளவு காலமும் அவள் போகும் எண்ணமே இல்லாமல் இருந்தாள். தேயிலைக்கு அடியில் படுத்திருந்த அந்த நாளுக்குப் பிறகு மாறிவிட்டாள்.

"எங்கண்ணன் அடுத்த ஆடியில கப்பல் ஏறுது. நானும் புள்ளையும் போறோம்" என்றாள். "இந்தத் தகரத்துக்குள்ள இன்னொரு தடவ என்னால படுக்க முடியாது. சுவரு வச்ச வீடு, உள்ள தாழ்ப்பாள் போடுற கதவு, அது ஒண்ணு இருந்தா நான் ஏன் போறேன்?"

எண்பத்துநான்கு வைகாசியில் எங்கள் கொம்பனியில் ருசி பார்த்த மனிதர் கனடாவுக்குப் போய்விட்டார். பாலேந்திரனுக்கு அவசரமாக ஒரு நாக்கு தேவைப்பட்டது. அந்த வேலையோடு கட்டடத்தின் பின்பக்கம் இரண்டு அறைக் குவாட்டர்ஸ் ஒன்றும் உண்டு. கல்லுச் சுவர், பலகைக் கதவு, உள்ளே இரும்புத் தாழ்ப்பாள். கேட்டவுடன் நான் மலை ஏறினேன். எனக்கு மூச்சு வாங்கியது, இராமையாவுக்கு முகம் மலர்ந்தது. வேலாயிக்கு மட்டும் முகம் இருண்டது.

"சாராயக் கம்பெனியா சார்?"

"சாராயம் இல்லை தங்கச்சி, பியர்."

"எல்லாம் ஒண்ணுதான்."

அவள் அப்பன் கசிப்பு என்ற கள்ளச் சாராயம் குடித்தே செத்தவர். கலியாணத்துக்கு முதல் நாள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் இராமையாவைக் கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் பண்ண வைத்திருந்தாள், ஒரு சொட்டு உள்ளே போகக் கூடாது என்று. அவரும் ஒன்பது வருடமாக அப்படியே இருந்தார். தீபாவளிக்கு லயமே ஆடும்போது அவர் பிளேன்டீ குடித்துக்கொண்டிருப்பார்.

இந்த இடத்தில்தான் நான் வாயைக் கொடுத்தேன். "தங்கச்சி, ருசி பார்க்கிறது வேறை, குடிக்கிறது வேறை. தேத்தண்ணியை இவர் பதினாலு வருசம் உறிஞ்சித் துப்பினவர்தானே? பியரையும் அப்பிடித்தான் துப்புறது. ஒரு சொட்டும் உள்ளுக்குப் போகாது. நான் பொறுப்பு" என்றேன்.

நான்கு வருடம் அந்தக் கொம்பனியில் இருந்தவன் நான். ருசி பார்க்கும் நாட்களில் பக்கத்து அறையில் உட்கார்ந்து கடிதம் எழுதினேனே தவிர, ஒருநாளும் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்வதில் எங்கள் ஊரவர்களை மிஞ்ச ஆளில்லை. அதில் நான் முதல் ஆள்.

ஆனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை பிற்பகல். இராமையா கலியாணச் சட்டையைப் போட்டுக்கொண்டு என்னோடு பஸ்ஸில் வந்தார். மேல்பொக்கற்றில் தன் பழைய ருசிக் கரண்டியைக் குத்தியிருந்தார். உள்ளே நீண்ட மேசை, வெள்ளைத் துணி, ஆறு கிளாஸ். பாலேந்திரன் கதிரையை இழுத்துப் போட்டார். இராமையா உட்காரவில்லை. தேநீர் ருசி நின்றுகொண்டே பார்ப்பது.

"துப்புற சட்டி எங்கீங்க சார்?" என்று கேட்டார்.

பாலேந்திரன் என்னைப் பார்த்தார். நான் ஒரு வாளியைக் கொண்டுவந்து வைத்தேன். இராமையா கரண்டியால் அள்ளி, தேநீரை உறிஞ்சுவதுபோலச் சத்தமாக ஒரே உறிஞ்சு உறிஞ்சினார். நுரை மூக்குக்குள் ஏறி மூன்று தும்மல் வந்தது. முதலாளி கதவடியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இராமையாவும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு வேலையில் இறங்கினார்.

"இது ரெண்டும் ஒரே தண்ணிங்க. இந்த மூணாவது வேற தண்ணி, ஆத்துத் தண்ணி."

பாலேந்திரனின் புருவம் உயர்ந்தது. அந்தக் கிழமை குழாயில் தண்ணீர் வராமல் ஒரு பாத்திரத்துக்கு மட்டும் மகாவலியிலிருந்து இறைத்தது உண்மை.

"நாலாவது நல்ல சரக்கு, ஆனா போத்தல சரியா அலசல. சவுக்காரம் நிக்கிது."

"ஓம், அதுவும் சரி" என்றார் பாலேந்திரன். அவர் வாயிலிருந்து "சரி" வருவது அமாவாசையில் நிலவு வருவதுபோல. எனக்கு உள்ளுக்குள் குவாட்டர்ஸ் பூட்டின் திறப்பு கிலுங்கும் சத்தம் கேட்டது.

ஐந்தாவதும் ஆறாவதும் இராமையாவைக் கவிழ்த்தன. உறிஞ்சினார், துப்பினார், இரண்டாம் முறையும் உறிஞ்சினார். "ரெண்டும் ஒண்ணுதாங்க" என்றார்.

"இல்லை" என்றார் பாலேந்திரன். "பியருக்குக் கசப்புக் குடுக்கிற பூ ஒண்டு இருக்கு. வெளிநாட்டிலயிருந்து டின்னில வாறது. ஒண்டில புதுப் பூ, மற்றதில பழுதாப்போன பூ. இதைப் பிடிக்கத்தான் எனக்கு ஆள் வேணும். நீர் துப்பினால் எப்பிடிப் பிடிப்பீர்? தேத்தண்ணியின்ர துவர்ப்பு பல் முரசில நிக்கும். பியரின்ர கசப்பு தொண்டைக்குள்ள இறங்கினாப் பிறகுதான் தெரியும். பியர் ருசி பாக்கிறவன் துப்பிறதில்லை. ஒரு வாய் விழுங்கிப்போட்டுச் சொல்லும்."

இராமையா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். பிள்ளை தகப்பனைப் பார்ப்பதுபோல, இவர் ஏதாவது வழி சொல்வார் என்று பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். அப்படியே என் வாயில் நானே அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

"ஒரு நிமிசம் வெளிய போயிட்டு வர்றேங்க" என்று சொல்லி ஆற்றங்கரைக்கு இறங்கினார். நான் பின்னால் போனேன்.

"இராமையா, நான் பெரிய பிழை விட்டுட்டன். எனக்குத் தெரியாது."

"உங்கள ஒண்ணும் சொல்லலீங்க." ஆற்றைப் பார்த்துக்கொண்டே பேசினார். "விழுங்குனா சத்தியம் போச்சு. விழுங்காட்டி வீடு போச்சு. வீடு போனா அவ போயிருவா. சத்தியம் போனாலும் அவ போயிருவா. அவளுக்காகத்தான் சத்தியமே. இப்ப எத விழுங்குறது சொல்லுங்க?"

 அங்கே மூங்கில் புதருக்குப் பக்கத்தில் நின்றோம். குவாட்டர்ஸின் பலகைக் கதவு அங்கிருந்து தெரிந்தது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மேலே ஏறினார்.

உள்ளே போய்க் கரண்டியைத் துடைத்துப் பொக்கற்றில் வைத்தார். ஐந்தாவது கிளாஸை எடுத்து ஒரு வாய் விழுங்கினார். தண்ணீர் குடித்தார். ஆறாவதில் ஒரு வாய் எடுத்தார். கண்ணை மூடி விழுங்கினார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது.

"மொதல்ல குடிச்சதுல கசப்பு வந்துட்டுப் போயிருது. இதுல வந்த கசப்பு போக மாட்டேங்குது. இதுதான் பழைய பூ" என்றார்.

பாலேந்திரன் எழுந்து கைகொடுத்தார். "முதலாம் திகதி வாரும். இப்ப அந்த வீட்டைப் பாத்துக்கொண்டு போம்." இராமையா வீட்டைப் பார்க்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றார்.

பஸ் நிறுத்தத்தில் வேலியோரம் ஒரு கொய்யா மரம் நின்றது. நான் நாலு இலையைப் பிடுங்கி அவரிடம் கொடுத்தேன். "இதைச் சப்புங்கோ. மணம் ஒண்டும் தெரியாது. வேலை கிடைச்சிட்டுது எண்டு மட்டும் சொல்லுவம். ரெண்டு வாய்தானே?" என்றேன். ஒரு பிழையை மறைக்க இன்னொரு பிழை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்ப்பவன் நான்தான் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. இராமையா இலைகளை வாங்கிக் கைக்குள் பொத்திக்கொண்டார். கண்டிவரை அந்தக் கையைத் திறக்கவில்லை. மலை ஏறும்போதும் திறக்கவில்லை.

வேலாயி லயத்து வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுவரோரம் அவளுடைய தகரப்பெட்டி, பாதி அடுக்கியபடி. எங்களைக் கண்டதும் சுளகைக் கீழே வைத்தாள்.

"வேலை கிடைச்சிட்டுது தங்கச்சி!" என்று நான் முந்திக்கொண்டேன்.

இராமையா வாசற்படியில் ஏறவில்லை. கீழேயே நின்றார். "புள்ள, நான் குடிச்சேன்" என்றார். "ரெண்டு வாய். துப்பல. விழுங்கிட்டேன்."

 வேலாயி எழுந்து வந்தாள். அறைவாள் என்று நினைத்தேன். அவள் அவருடைய பொத்திய கையைப் பிடித்து விரித்தாள். உள்ளே நாலு கொய்யா இலையும் வாடிப்போய், ஆனால் முழுசாக இருந்தன.

"இத யாரு குடுத்தா?"

"நான்தான் தங்கச்சி" என்றேன். 

"இந்த எல வாசம் எனக்குத் தெரியும் சார். எங்கப்பன் வாயில தெனமும் இந்த வாசம்தான். தெனமும் எங்கம்மா கேக்கும், தெனமும் இல்லேம்பாரு. சாமி மேல சத்தியம் பண்ணுவாரு, என் தலைல அடிச்சுச் சத்தியம் பண்ணுவாரு. சாகுற அன்னிக்கும் குடிக்கலன்னுதான் சொன்னாரு." இலைகளைத் தூர எறிந்தாள். அவரைப் பார்த்து, "குடிச்சேன்னு வாசல்ல நின்னு சொன்ன ஆம்பளய இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்றாள்.

பிறகுதான் அழுதாள். அவரும் அழுதார். நான் சுளகில் கிடந்த அரிசியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அங்க தெனமும் விழுங்கணுமா?" என்று கேட்டாள் கடைசியில்.

"ஒரு வாய், ரெண்டு வாய். வேலை அப்பிடி."

"அப்ப தெனமும் சொல்லணும். உள்ள வர்றதுக்கு முன்னாடி, வாசல்ல நின்னு. எத்தன வாய்னு சொல்லணும். சொல்லாத அன்னிக்கு நான் புள்ளையத் தூக்கிக்கிட்டு கோச்சி ஏறிருவேன்."

ஆடியில் அவள் அண்ணன் குடும்பம் போனது. மலையிலிருந்து ஆட்களைத் தலைமன்னாருக்குக் கொண்டுபோகும் ரயிலை ஒப்பாரிக் கோச்சி என்பார்கள். ஏறுகிறவர்களும் அழுவார்கள், நிற்கிறவர்களும் அழுவார்கள். கண்டி ஸ்டேசனில் வேலாயி அண்ணனின் கையை விடாமல் ரயிலோடு கொஞ்சத் தூரம் ஓடினாள். திரும்பி வந்து, என் கையில் தூங்கிக்கொண்டிருந்த மகளை வாங்கிக்கொண்டு குண்டசாலை பஸ்ஸில் ஏறினாள். அன்று குவாட்டர்ஸில் முதல் வேலையாகத் தாழ்ப்பாளைப் போட்டுத் திறந்து, போட்டுத் திறந்து பார்த்தாளாம். இராமையா சொன்னார்.

அந்த வருடக் கடைசியில் யுத்தம் முற்றிக் கப்பல் நின்றுபோனது. பிறகு தலைமன்னார்ப் பாதையும் இல்லாமல் போனது. வேலாயி கோபித்துக்கொண்டு ஏறுவதற்கு அந்தப் பக்கம் போகும் ஒரு கோச்சியும் மிஞ்சவில்லை. இராமையாவுக்கு அது தெரியும், வேலாயிக்கும் தெரியும். இருந்தும் தினமும் வேலை முடிந்து கட்டடத்தைச் சுற்றி ஐம்பது அடி நடந்து, பலகைக் கதவுக்கு முன்னால் நின்று சொல்வார். "ரெண்டு வாய்." "இன்னிக்கு ஒண்ணு." "அஞ்சு வாய் புள்ள, புதுப் பூ வந்துச்சு." அவள் தலையசைத்தபின் உள்ளே போவார். நான் எத்தனையோ நாள் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. எனக்குத் தெரிந்து அவர் ஒரு பொய்யும் சொன்னதில்லை, ஒரு வாய் கூடவும் குடித்ததில்லை.

தொண்ணூற்றெட்டு தையில் கண்டி நகரத்தில் குண்டு வெடித்தது. அதற்குப் பிறகு தமிழ்ப் பெயர் உள்ளவர்களைப் பொலிஸ்காரர்கள் தேடித் தேடிப் பிடித்தார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கிய இராமையாவையும் பிடித்துக்கொண்டு போனார்கள். அடையாள அட்டையில் ஹந்தானைத் தோட்டம் என்றுதான் இருந்தது, குண்டசாலையில் என்ன வேலை என்று கேட்டார்களாம். பியர் ருசி பார்க்கிறேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? முதலாளி நேரில் வந்து பேசி, கடிதம் கொடுத்து, மூன்றாம் நாள்தான் விட்டார்கள். நான்தான் முச்சக்கரவண்டியில் கூட்டிவந்தேன். அவருக்கு உதடு வெடித்திருந்தது. கலியாணச் சட்டை மாதிரி வெள்ளையாகத் தோய்த்துப் போடும் மனிதர், சட்டையில் இரண்டு பொத்தான் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். 

வேலாயி வாசலில் நின்றாள். மூன்று நாளும் அங்கேயே நின்றதுபோல நின்றாள். ஓடிவந்து கட்டிப்பிடித்துக் கதறுவாள் என்று நினைத்தேன். அவள் அசையவில்லை. அவர் வழக்கமாக நிற்கும் இடத்தில் வந்து நின்றதும், வழக்கமான குரலில் கேட்டாள். 

"எத்தன வாய்?"

இராமையா தலையை நிமிர்த்தினார். மூன்று நாளில் முதல்முறையாக அவர் முகம் அவருடைய முகமாக இருந்தது.

"காலையிலேருந்து ஒரு வாய் தண்ணிகூட இல்ல புள்ள" என்றார்.

வேலாயி தலையசைத்தாள். அவர் உள்ளே போனார். நான் வாசலிலேயே நின்றேன். செம்பில் தண்ணீர் மொள்ளும் சத்தம் உள்ளேயிருந்து கேட்டது.